அக்காவின் கல்யாண விருந்தும் நான் தட்டிய புள்ளியும்

என்னிடம் யாராவது அறிவுரை கேட்டு வந்தால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவேன். கூடப் பிறந்த அக்காவின் கல்யாண விருந்தை ஒரே ஒரு புள்ளியால் கவிழ்த்தவன் நான். அதைக் கேட்ட பிறகும் அறிவுரை வேண்டும் என்றவர்கள் இதுவரை இல்லை.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடியில் இருந்த சின்ன மென்பொருள் அலுவலகத்தில் வேலை. சேர்ந்து ஒன்றரை வருடத்திலேயே உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் கணினியால் சரிசெய்துவிடலாம் என்ற முடிவுக்கு வந்திருந்தேன். (என் பாஸ் அந்த முடிவுக்கு வரவில்லை. அவர் எனக்குக் கொடுத்த வேலைகளைப் பார்த்தாலே தெரியும்.)

விருந்து கிள்ளானில், நாற்பது மேசை போட்ட மண்டபத்தில். மற்ற வீடுகளில் யார் எந்த மேசை என்று ஒரு அட்டையில் எழுதி வாசலில் வைப்பார்கள். நான் விடுவேனா? வாசலில் ஒரு டேப்லட், பெயரைத் தட்டினால் மேசை எண் வரும், நானே செய்கிறேன் என்றேன்.

"என்ன வேணாலும் பண்ணுடா. பெரியப்பாவும் மாமாவும் மட்டும் ஒரே மேசையில உக்காரக்கூடாது. அன்னைக்குச் சண்டை வந்துச்சுன்னா நான் மேடையிலேயே அழுதுருவேன்" என்றாள் அக்கா. அவள் சும்மா சொல்லவில்லை. கண் ஏற்கெனவே கலங்கியிருந்தது.

பெரியப்பாவின் ஊர் சுங்கை பூலோ. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, தெலுக் பங்லிமா காராங். ஆறு வருடத்துக்கு முன் ஒரு கோயில் திருவிழாவில் மாமா தன் காரைப் பெரியப்பா காருக்குப் பின்னால் வழியை மறித்து டபுள் பார்க் செய்துவிட்டுச் சாமி கும்பிடப் போனார். ஒன்றரை மணி நேரம் கும்பிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டவர் அப்பா. இருவரிடமும் தனித்தனியாக, "அவரு உங்க பக்கமே வரமாட்டாரு" என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

முதல் நாள் நான் செய்தது வெறும் வரைவு. சொந்தக்காரர்களை ஊர்ப் பெயரின் அகர வரிசையில் மேசை மேசையாகக் கொட்டினேன். பிறகு இடம் பிரிக்க உதவும் என்று ஒவ்வொருவர் பெயருக்குக் கீழும் எனக்காக ஒரு குறிப்பு எழுதிக்கொண்டேன். குறிப்புகள் உண்மையாக இருந்தன. அதுதான் அவற்றின் கோளாறு.

அதற்குப் பிறகு மூன்று வாரம், தினமும் வேலை விட்டு வந்ததும் அப்பாவும் அம்மாவும் நானும் உட்கார்ந்து மேசைகளை மாற்றினோம். பெரியப்பா மேசை மூன்று, மாமா மேசை முப்பத்தெட்டு. குறிப்புகள் முழுவதையும் அழித்தேன்.

இங்கே கிட் என்ற மென்பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோப்புகளின் பழைய நிலைகளைப் பத்திரப்படுத்துவது அதன் வேலை. ஆனால் அதுவாகப் பத்திரப்படுத்தாது. 'இதை எடுத்து வை' (ஆட்) என்று நாம் சொன்னால், வாசலில் பையைக் கட்டி வைப்பதுபோல் முதலில் தனியாக எடுத்து வைக்கும். கடைசியாக 'உறுதி செய்' (கமிட்) என்றால்தான் நிரந்தரம். நான் முதல் நாள் வரைவை எடுத்து வைத்தேன். அதற்குப் பிறகு மூன்று வாரம் எதையும் எடுத்து வைக்கவில்லை. எல்லாம் கச்சிதமாக முடிந்ததும் மொத்தமாக உறுதி செய்யலாம் என்று இருந்தேன். (அலுவலகத்தில் புதிதாக வந்த பிள்ளைகளிடம், "அடிக்கடி கமிட் பண்ணணும், சோம்பேறித்தனம் கூடாது" என்று பாடம் எடுத்ததும் இதே நான்தான்.)

விருந்தன்று மாலை நான்கு மணிக்கு அம்மா திரையைப் பார்த்தார். "என்னடா ஊதாக் கலரு? மஞ்சளா மாத்து. மங்களமா இருக்கட்டும்."

மாற்றினேன். மஞ்சளில் வெள்ளை எழுத்து கண்ணுக்கே தெரியவில்லை. பழைய நிறத்துக்கே போய்விடலாம் என்று மீட்கும் கட்டளையைத் தட்டினேன். நிறம் இருந்த ஒரு கோப்பின் பெயரை மட்டும் கொடுத்திருக்க வேண்டும். அவசரத்தில் ஒரு புள்ளி வைத்தேன். புள்ளி என்றால் 'இங்கே உள்ள எல்லாமும்' என்று பொருள். கிட் சொன்னதைச் செய்தது. மேசைமேல் இருந்த மூன்று வார வேலையைத் துடைத்துவிட்டு, பையில் கட்டி வைத்திருந்த முதல் நாள் வரைவை எடுத்துப் பரப்பியது. எச்சரிக்கை எதுவும் இல்லை. திரை ஊதாவானது. எனக்குப் பரம திருப்தி. எழுந்து சவரம் செய்யப் போய்விட்டேன்.

ஏழு மணி. முதலில் வந்தவர் காஜாங் அத்தை. பெயரைத் தட்டினார். மேசை இரண்டு என்று வந்தது. கீழே என் குறிப்பும் வந்தது: 'காது நன்றாகக் கேட்கும், கேட்காத மாதிரி நடிப்பார். ஸ்பீக்கர் பக்கத்தில் போடலாம்.'

அத்தை என்னைப் பார்த்தார். நான் மடிக்கணினியைப் பார்த்தேன். அலுவலக நண்பன் சேவியருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"முதல் நாளுக்கு அப்புறம் ஆட் பண்ணியா?"

"இல்லடா."

"அப்போ உன் மூணு வார வேலை கிட்டுக்குத் தெரியவே தெரியாது, ப்ரோ. போனது போனதுதான் லா."

நான் திரும்புவதற்குள் வரிசையில் இருபது பேர். பெரியப்பா தட்டிவிட்டு உள்ளே போயிருந்தார், மேசை நான்கு. சற்றுப் பின்னால் மாமாவும் போயிருந்தார், அவருக்கும் மேசை நான்கு. அகர வரிசையில் சுங்கை பூலோவுக்கு அடுத்தது தெலுக் பங்லிமா காராங். மேடையில் அக்கா மாலையோடு நின்று அந்த மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு துடித்தது.

நான் ஓடிப்போய் நின்றபோது பெரியப்பாதான் வாயைத் திறந்தார். ஆறு வருடத்தில் முதல் முறை.

"உங்களுக்கு என்ன போட்டிருந்துச்சு, மச்சான்?"

"'பார்க்கிங் தெரியாதவர், மன்னிப்பும் தெரியாதவர்.' உங்களுக்கு, அத்தான்?"

"'ஒரு காருக்காக ஆறு வருஷம் முறைப்பார். சீக்கிரம் சாப்பாடு போட்டு அனுப்பிவிடவும்.'"

"யாரு எழுதுனது?"

இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். அடுத்த அரை மணி நேரம் இருவரும் மாறி மாறி என்னைத் திட்டினார்கள். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் தொடர்ந்தார். நடுவில் மாமா பெரியப்பாவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். மேடையில் அக்கா சிரித்தாள். பிறகுதான் அழுதாள்.

ஆனால் அன்று என்னைச் சுட்டது வேறொன்று. திரும்பி வந்தபோது வாசலில் அப்பா டேப்லட் முன் தனியாக நின்றிருந்தார். தன் பெயரைத் தட்டியிருந்தார். 'அப்பா: யார் எது கேட்டாலும் சரி என்பார். அவரிடம் கேட்டுப் பயன் இல்லை.' ஆறு வருடம் இரண்டு பக்கமும் தாங்கிய மனிதர். மூன்று வாரம் என் பக்கத்தில் உட்கார்ந்து மேசை பிரித்தவர். மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"சரி" என்றார் அப்பா. சொன்னதும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பெரியப்பாவும் மாமாவும் இப்போது ஒரே காரில்தான் கல்யாணங்களுக்குப் போகிறார்கள், பார்க்கிங் பிரச்சினையே இல்லை. நான் ஒரு வரி எழுதினாலும் கமிட் செய்கிறேன். 'சனிக்கிழமை எங்கே சாப்பிடலாம்?' என்று போன வாரம் அப்பாவிடம் கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்:

"என்கிட்ட கேட்டுப் பயன் இல்ல, தம்பி. சிஸ்டத்துல பாரு."