வெறும் கோப்பையில் ஒரு சம்பந்தம்

விளையாட்டுச் சாமானோடு வருகிற வழிகாட்டிப் புத்தகத்தை முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிற தகப்பன் வீட்டுக்கு ஆபத்தானவன். இதை அனுபவத்தில் சொல்கிறேன். மற்றத் தகப்பன்மார் பெட்டியை உடைத்துச் சாமானைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு கிரிக்கெட் பார்க்கப் போய்விடுகிறார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சுகள் ஒழுங்காக நடக்கின்றன.

என் தொழிலும் இதற்கு ஒரு காரணம். நான் விவசாயப் போதனாசிரியர். கோப்பாயைச் சுற்றியுள்ள வெங்காயத் தோட்டங்களுக்குப் போய், துண்டுப்பிரசுரத்தில் அச்சடித்திருப்பதை உரக்க வாசித்துக் காட்டுவது என் பிழைப்பு. அச்சில் வந்துவிட்டால் எனக்கு அது வேதவாக்கு.

எங்கள் மகள் ஷரோனுக்கு அப்போது நான்கு வயது. முன்பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தபோது, பிள்ளைகளுக்குப் பாவனை விளையாட்டு முக்கியம் என்று ஆசிரியை சொன்னார். சமைப்பது போல, கடை நடத்துவது போல விளையாடினால் பேச்சு வளருமாம், பழகத் தெரியுமாம், மற்றவரின் மனது விளங்குமாம். மற்றப் பெற்றோர் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். நான் நேரே யாழ்ப்பாண நகரத்துக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் குசினி வாங்கி வந்தேன். அதில் அடுப்பு இருந்தது, பொத்தானை அமர்த்தினால் சிவப்பாக எரிந்தது. கேத்திலைத் தூக்கி வைத்தால் தண்ணீர் கொதிக்கிற சத்தம் வந்தது. கை கழுவுகிற தொட்டியும், இளநீல நிறத்தில் குட்டிக் கோப்பைகளும் இருந்தன. (எங்கள் உண்மைக் குசினியில் அன்றைக்கு பைப் ஒழுகிக்கொண்டிருந்தது. அதைத் திருத்துவதற்கு எனக்கு நேரம் கிடைக்கவில்லை.)

கூட வந்த புத்தகத்தில் ஒரு வசனம் தடித்த எழுத்தில் இருந்தது. பிள்ளையின் பாவனையை ஒருபோதும் உடைக்காதீர்கள், அது தருகிற தேநீரை உண்மைத் தேநீராகவே அருந்துங்கள் என்று. அன்று முதல் நான் அருந்தினேன். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும் முன்பே கோப்பை வந்துவிடும். ஊதி ஊதிக் குடிப்பேன். 'ஆ, சுடுது' என்பேன். என் மனைவி மெர்சி ஒரு நாள் உண்மைத் தேத்தண்ணியோடு வந்து நின்று பார்த்துவிட்டு, "உங்களுக்கு இது காணும் போலை" என்று திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

இந்த நிலையில்தான் நிரோவின் கல்யாணப் பேச்சு வந்தது.

நிரோ மெர்சியின் தங்கை. தாய் தகப்பன் இல்லாததால் எங்களோடுதான் இருந்தாள். எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் தன்னோடு வேலை செய்த ரூபனை விரும்பியிருந்தாள். ரூபன் அரியாலைப் பையன், அருமையான பையன். ஆனால் ரூபன் வீட்டார் எங்களைவிட உயர்ந்த சாதி என்று ஊர் சொல்லும். எங்கள் பக்கத்தில் சாதியை இப்போது யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வீட்டுக்கு வருவார்கள், சிரிப்பார்கள், பிள்ளையின் படிப்பை விசாரிப்பார்கள். தேத்தண்ணி வந்ததும், 'இப்பதான் குடிச்சிட்டு வாறம்' என்பார்கள். அவ்வளவுதான். கொண்டு வந்தவருக்கும் விளங்கிவிடும். தட்டம் அப்படியே உள்ளே போய்விடும்.

இத்தனைக்கும் ரூபன் வீட்டாரும் நாங்களும் ஒரே சபை. ஞாயிற்றுக்கிழமை ஒரே வாங்கில் இருந்து பாடுகிறோம். திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் வாய் வைக்கிறோம். வீட்டுக் கோப்பை என்று வரும்போது மட்டும் எல்லாருக்கும் தாகம் தீர்ந்து போயிருக்கும்.

ஆகவே ரூபனின் தாயும் தகப்பனும் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வருகிறார்கள் என்றதும் சீதனத்தைப் பற்றியோ நாளைப் பற்றியோ ஒருவரும் யோசிக்கவில்லை. எங்களுக்கு இருந்த கேள்வி ஒன்றுதான். குடிப்பார்களா, மாட்டார்களா. குடித்தால் கல்யாணம். குடிக்காவிட்டால், நிரோ அந்த வீட்டுக்குப் போனாலும் வாழ்நாள் முழுக்கக் குசினி வாசலில் நிற்க வேண்டிவரும் என்று மெர்சி பயந்தாள். அப்படியொரு வீட்டுக்குத் தங்கையை அனுப்பமாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். அவள் சொன்னது சரி.

அன்று காலையிலேயே மெர்சி நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் எடுக்கிற கோப்பைகளை இறக்கிக் கழுவினாள். தேத்தண்ணியைப் போட்டு பிளாஸ்கில் ஊற்றி, கோப்பைகளோடும் கேக்கோடும் ஒரு தட்டத்தில் வைத்து, வெள்ளைத் துணியால் மூடி, விறாந்தையை ஒட்டிய ஹோலின் மூலை மேசையில் வைத்தாள்.

"நீங்கள்தான் ஊத்திக் குடுக்கவேணும்" என்றாள். "அவை வேண்டாமெண்டு சொல்லுறதை என்னாலை பாத்துக்கொண்டு நிக்கேலாது. நான் உள்ளுக்கை நிக்கிறன்."

"யோசியாதையும். நான் பாக்கிறன்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிக அசட்டு வசனம் அதுதான்.

வந்தார்கள். தகப்பன் ஓய்வுபெற்ற தபாலதிபர், கலகலப்பான மனிதர். தாய் அதிகம் பேசாதவர். கதிரையின் நுனியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மெர்சி வந்து வணக்கம் சொல்லி இரண்டு வார்த்தை பேசிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். நிரோ அறைக்குள் இருந்தாள். நான் எழுந்து பிளாஸ்கை நோக்கி ஒரு அடி வைத்தேன்.

அதற்குள் ஷரோன் முந்திவிட்டாள். ஹோலின் மறு மூலையில் இருந்த தன் குசினியில் அடுப்பை மூட்டி, கேத்திலைக் கொதிக்க வைத்து, இரண்டு நீலக் கோப்பைகளைக் கொண்டு வந்து ஆளுக்கொன்றாக நீட்டினாள்.

"அன்ரி, தேத்தண்ணி."

அந்த அம்மா கோப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் சாதாரணத் தகப்பன் என்ன செய்வான்? 'போய் அங்கை விளையாடு பிள்ளை' என்று சொல்லிவிட்டு உண்மைத் தேத்தண்ணியை ஊற்றுவான். நான் புத்தகம் படித்தவன் அல்லவா? திரும்பவும் கதிரையில் அமர்ந்து விளக்கவுரை ஆற்றத் தொடங்கினேன்.

"அன்ரி, உதுக்குள்ளை ஒண்டும் இல்லையெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. பிள்ளையின்ரை கற்பனை உடைஞ்சிடும். உண்மையாக் குடிக்கிற மாதிரிக் குடியுங்கோ. அதுதான் முறை."

தகப்பன் உடனே குடித்தார். "அருமையான தேத்தண்ணி" என்றார். அம்மாவும் கோப்பையை உதட்டில் வைத்து எடுத்தார். நான் மகிழ்ந்துபோய், பாவனை விளையாட்டினால் மூளைக்கு வரும் நன்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். வெங்காயத் தோட்டத்தில் கூட நான் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. அந்த அம்மாவின் கண் அடிக்கடி மூலை மேசைக்குப் போய்வந்ததை நான் பார்த்தேன். துணியில் மெர்சி போட்ட பூவேலையைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

அப்போது ஒழுங்கையில் யாரோ கூப்பிட்டார்கள். வெங்காயம் ஏற்றிய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று போக வழியில்லாமல் நின்றது. குறுக்கே நின்றது ரூபனின் தகப்பனுடைய கார், என்னைவிட வயதில் மூத்தது. "நீங்கள் இருங்கோ அங்கிள், நான் எடுத்து விடுறன்" என்று கார்த் திறப்பை வாங்கிக்கொண்டு போனேன். அது இலகுவில் மசியவில்லை. ஒழுங்கையில் நின்ற எல்லாரும் சேர்ந்து தள்ளித்தான் நகர்த்தினோம். கையெல்லாம் எண்ணெய். பின்பக்கமாக வந்து கிணற்றடியில் கழுவிக்கொண்டிருந்தேன்.

மெர்சி குசினியிலிருந்து ஓடி வந்தாள். கண் நிறையத் தண்ணீர்.

"குடிச்சிட்டினமப்பா."

"உண்மையாகவோ?"

"ஓம். ஷரோன் வந்து சொன்னவள். ரெண்டு பேரும் குடிச்சவையாம். நல்லாயிருக்கெண்டும் சொன்னவையாம்."

நான் இல்லாத நேரத்தில் மெர்சியே துணிந்து ஊற்றிக் கொடுத்துவிட்டாள் என்று நான் நினைத்தேன். நான் போகும் முன்பே ஊற்றிக் கொடுத்துவிட்டேன் என்று அவள் நினைத்தாள். இரண்டு பேரும் கிணற்றடியில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மெர்சி உள்ளே போய் அறைக் கதவில் தட்டி நிரோவுக்கும் சொன்னாள். நிரோ அழுதது ஹோல் வரைக்கும் கேட்டிருக்கும்.

அந்தச் சந்தோஷத்தில் மெர்சிக்குத் தைரியம் வந்து, அறைவாசலில் நின்றபடியே கேட்டாள். "அன்ரி, இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊத்தட்டோ?"

அந்த அம்மா மெர்சியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மடியில் இருந்த நீலக் கோப்பையை எடுத்து மெதுவாக மேசையில் வைத்தார்.

"வேண்டாம் பிள்ளை. போதும்."

"வயிறு நிறைஞ்சிட்டுது" என்றார் தகப்பன். அவர் குரலில் முன்பிருந்த கலகலப்பு இல்லை. கையைத் துடைத்தபடி ஹோலுக்குள் வந்த நானோ அதைத் திருப்தி என்று எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் புறப்பட்டுவிட்டார்கள். படலை வரை போய்க் கையசைத்தேன்.

தட்டத்தை எடுக்கப் போன மெர்சி துணியை நீக்கினாள். கோப்பைகள் காலையில் கழுவித் துடைத்தபடியே இருந்தன. கேக்கில் ஒரு துண்டும் குறையவில்லை. பிளாஸ்கைத் தூக்கிப் பார்த்தாள்.

"உது பாரமாக் கிடக்கு. நீங்கள் குடுக்கேல்லையோ?"

"நீர் குடுக்கேல்லையோ?"

அறையிலிருந்து வந்த நிரோவோடு மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஷரோனைத் திரும்பிப் பார்த்தோம். அவள் தன் தொட்டியில் நீலக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். வேலை முடித்த பெண்ணின் களைப்பு முகத்தில் தெரிந்தது.

அன்று பின்னேரம் ரூபன் தொலைபேசியில் வந்தான். "அண்ணை, என்ன நடந்தது? அம்மா ஒருத்தரோடையும் கதைக்காமல் படுத்திருக்கிறா."

அவன் சொல்லச் சொல்ல எனக்கு விளங்கியது இதுதான். பெரியம்மா, அதாவது அவன் தாயின் தமக்கை, அந்த வீட்டில் வாய் நனைக்கக் கூடாது என்று சண்டை பிடித்திருக்கிறார். அவரோடு முறைத்துக்கொண்டுதான் தாய் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். வந்த இடத்தில், உண்மைத் தேத்தண்ணியைக் கண்முன்னால் மூடி வைத்துவிட்டு, வெறும் பிளாஸ்டிக்கை நீட்டி, குடிப்பது போல நடியுங்கள் என்று ஒருவன் வகுப்பெடுத்திருக்கிறான். போதாததற்கு உள்ளேயிருந்து ஒருத்தி வந்து, இன்னும் ஊத்தட்டோ என்று கேட்டிருக்கிறாள். 'நாங்கள் குடிக்கமாட்டம் எண்டு முடிவு கட்டி நக்கலடிச்சிட்டினம்' என்று சொல்லி அழுதாராம்.

"அது கல்வி விளையாட்டு ரூபன்" என்றேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவன் நம்பினான். ஆனால் ஒரு படித்த மனிதன் தினமும் தரையில் அமர்ந்து வெறும் கோப்பையில் தேத்தண்ணி குடிக்கிறான் என்று சொன்னால் தாய் நம்பவேண்டுமே. நிரோ என்னைத் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "பரவாயில்லை அத்தான்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். அன்றிரவு நாங்கள் யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் வேலையால் வந்ததும் ஷரோன் கோப்பையை நீட்டினாள். அந்தக் குசினியைத் தூக்கிக் கிணற்றுக்குள் போடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் பிள்ளை என்ன செய்தது? வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கேட்காமலே தேத்தண்ணி கொடுத்தது. வந்தவர்கள் யார் என்று பார்க்கவில்லை. நான் சப்பாத்தோடு தரையில் சப்பாணி கட்டி இருந்து, ஊதினேன். 'ஆ, சுடுது' என்றேன்.

தலையை நிமிர்த்தினால் வாசலில் ரூபனின் தாய் நிற்கிறார். தனியாக, கையில் குடையோடு. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"உண்மைதான்" என்றார், தனக்குத்தானே சொல்வது போல.

எழும்பப் போனேன். "இருங்கோ தம்பி, ஆறமுன்னம் குடியுங்கோ" என்றார். பிறகு நேரே எங்கள் குசினிக்குள் நடந்து போய், ஒழுகுகிற பைப்புக்குப் பக்கத்தில் கிடந்த வாங்கில் அமர்ந்தார். மெர்சி கரண்டியும் கையுமாக நின்றாள்.

"தேத்தண்ணி போடு பிள்ளை. நேற்றைக்கு நான் காலமை தொடக்கம் ஒரு சொட்டும் குடிக்காமல்தான் இஞ்சை வந்தனான். ஏனெண்டு தெரியுமோ? குடிச்சிட்டு வந்தால், 'இப்பதான் குடிச்சனான்' எண்டு என்ரை வாய் தன்ரை பாட்டிலை சொல்லிப்போடும் எண்டு பயம். அவ்வளவு பழக்கம் பிள்ளை, எங்கடை வாய்க்கு."

மெர்சி நல்ல கோப்பையைத் தேடினாள். அவசரத்தில் கிடைக்கவில்லை. அன்றாடம் நாங்கள் குடிக்கிற, விளிம்பு உடைந்த கோப்பையில்தான் கொடுத்தாள். அவர் மிச்சம் வைக்காமல் குடித்தார். இன்னொன்று கேட்டு, அதையும் குடித்தார். நிரோ வேலையால் வந்து குசினி வாசலில் நின்று அதைப் பார்த்தாள். நான் வெளியே போய் நின்றேன். என் முகம் யாரும் பார்க்கும்படி இல்லை.

கல்யாணம் நடந்தது. குழந்தையும் பிறந்தது. பிள்ளைப்பேற்றுக்கு நிரோ எங்கள் வீட்டில் இருந்ததால், குழந்தையைப் பார்க்க அந்தப் பெரியம்மாவும் வரவேண்டியதாகிவிட்டது. மெர்சி தட்டத்தோடு வந்தாள். "இப்பதான் குடிச்சிட்டு வாறன்" என்றார் பெரியம்மா. எல்லாரும் நிலத்தைப் பார்த்தோம். வீட்டு வழக்கம் அறிந்த ஷரோன் நீலக் கோப்பையைக் கொண்டு வந்து நீட்டினாள். பெரியம்மா சுற்றிலும் பார்த்தார். குழந்தை அவர் மடியில் கிடந்தது. கோப்பையை வாங்கி, உதட்டில் வைத்து, "நல்லாயிருக்கு" என்றார். பக்கத்தில் மெர்சி வைத்த தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியது.

இப்போதும் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்து போனால், அரியாலையிலிருந்து ரூபன் தொலைபேசியில் கேட்கிற முதல் கேள்வி, "எதிலை குடிச்சவ?" என்பதுதான்.

"இன்னும் பிளாஸ்டிக்கிலைதான் நிக்கிறா" என்பேன்.

ஒருமுறை அவன் தாய் தொலைபேசியைப் பறித்துச் சொன்னார். "சிரிக்காதேங்கோ தம்பி. நானும் அதிலையிருந்துதான் துடங்கினனான்."