பக்கத்துச் சைக்கிளில் ஒரு சத்தம்

சைக்கிள் கழகங்களில் வேகமாக ஓடுபவர், மெதுவாக ஓடுபவர், ஓடாமல் படம் மட்டும் எடுப்பவர் என்று மூன்று வகையினர்தான் இருப்பதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், நீங்கள் இன்னும் கிளிநொச்சிப் பக்கம் வரவில்லை என்று அர்த்தம். நாலாவது வகை ஒன்று உண்டு. அவர் சத்தம் கேட்பவர். உங்கள் சைக்கிளில் உங்களுக்கே கேட்காத சத்தம் அவருக்குக் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை விடிய ஐந்தரைக்கு நாங்கள் கரடிப்போக்குச் சந்தியில் கூடுவோம். வயல் செய்பவர், வங்கியில் இருப்பவர், மருந்துக்கடை வைத்திருப்பவர் எல்லாரும் ஆறு நாளும் மோட்டார் சைக்கிளில் திரிந்துவிட்டு, ஏழாம் நாள் மட்டும் உடம்போடு ஒட்டிய சட்டையும் தலையில் கவசமுமாக, ஸ்டான்டும் கரியரும் மட்காட்டும் மணியும் இல்லாத சைக்கிளோடு வந்து நிற்போம். பால் வாங்க வந்த ஒருவர் எங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பியவை, மிச்சச் சாமான் பிறகோ பூட்டுவியள்?" என்று ஒருநாள் கேட்டார்.

புறப்படுகிறோம். ஆனையிறவில் காற்று முகத்தில் அறைகிறது. குனிந்து மிதித்துக்கொண்டிருக்கும் உங்கள் பக்கத்தில் மெதுவாக ஒரு முன்சில்லு வந்து சேர்கிறது. காலை வணக்கம் கிடையாது. தலை மட்டும் ஒருபக்கம் சாய்கிறது.

"ஒரு சத்தம் கேக்குதெல்லே?"

உற்றுக் கேட்கிறீர்கள். டொக். கொஞ்சத் தூரம் போய் இன்னொரு டொக்.

"ஓம் அண்ணை, கேக்குதுதான்."

தொலைந்தீர்கள். இனி உங்களை வீதியோரம் நிறுத்தி, சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சில்லைச் சுழற்றி, செயினை இழுத்து, பெடலை ஆட்டி, உங்கள் மனைவி சைக்கிளைத் துடைப்பதில்லையா என்பதுவரை விசாரித்து, கடைசியில் ஒரு தீர்ப்புச் சொல்வார். ஆனையிறவில் பெடல் என்றது பளையில் அச்சாகும். திரும்பி வரும்போது செயினாகும். அவர் கையில் எண்ணெய், உங்கள் மனதில் பீதி.

எங்கள் கழகத்தில் இந்தப் பதவியை வகிப்பவர் யோகலிங்கம் அண்ணை. சுவிசில் இருக்கும் தம்பி அனுப்பிய சைக்கிள் அவருடையது. "இது வெளிநாட்டுச் சாமான், சத்தம் எண்டதே வராது" என்பார். சீற்றுக்குக் கீழே ஒரு கறுப்புப் பை தொங்கும். ஸ்பனர், குறடு, எண்ணெய்ப் போத்தல் எல்லாம் அதற்குள் இருக்கும். அவருக்காக அல்ல, நமக்காக. தனியே ஓடும்போது காதில் பாட்டு மாட்டிக்கொள்வார்.

அவர் சொல்லி நான் செயின் மாற்றினேன். பெடல் இரண்டும் மாற்றினேன். கிழமை நாளில் தனியே ஓடினால் சத்தமில்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறது என்றேன். "கிழமை நாளில நீர் மெதுவா ஓடியிருப்பீர்" என்றார். நானும் தலையாட்டினேன். படித்த மனிதன்தான் நான்.

என் செயின் போனால் போகட்டும், சுதாஜினியின் கதைக்கு வருகிறேன். பரந்தனில் முன்பள்ளி ரீச்சர். கழகம் கடலோரத்து நாயாற்றுப் பாலம் வரை போகும் நெடும்பயணத்துக்காக நாலு மாதம் விடியவிடிய ஓடிப் பழகியவள். "ரீச்சர் கடல்மட்டும் சைக்கிளில போகப்போறன்" என்று பிள்ளைகளிடம் சொல்லியும் வைத்திருந்தாள். பயணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அண்ணையின் முன்சில்லு அவள் பக்கத்தில் வந்து சேர்ந்தது.

"பிள்ளை, இது பிறேம். உள்ளுக்க வெடிச்சிருக்கு. போற வழியில முறிஞ்சா ஆர் பொறுப்பு?"

அவள் என்னைப் பார்த்தாள். சத்தம் எனக்கும் கேட்டது. ஓம் என்றேன்.

சைக்கிளைத் திருத்துகிற இளையதம்பியிடம் கொண்டுபோனாள். அவர் சந்திவரை ஓடிப் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லை, பயப்படாமல் ஓடுங்கோ என்றார். "கடையில நிக்கேக்க வராது. கூட்டமா ஓடேக்கதான் வரும்" என்றார் அண்ணை. முறிந்துவிடுமோ என்ற பயம் ஒருமுறை வந்தால் யாருக்குத்தான் போகும்? சைக்கிளை வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டாள். பயண நாளில் வாழைப்பழமும் தண்ணீரும் ஏற்றிய மெல்ரொனின் ஓட்டோவில், எங்களுக்குப் பின்னால் வந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. வேகமாக மிதித்து முன்னுக்குப் போய்விட்டேன்.

முன்னுக்குப் போனது நான் மட்டுமல்ல. நெடும்பயணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைக்க யாருக்கு நேரம்? அண்ணையின் சில்லு நெருங்கியதும் ஒவ்வொருவராகக் கழன்றுவிட, பரந்தன் தாண்டியபோது அவர் தனியே கடைசியில் வந்துகொண்டிருந்தார். அன்று காதில் எதுவும் மாட்டக்கூடாது என்பது கழகத் தலைவரின் உத்தரவு. ஓட்டோ அவர் பக்கத்தில் போனது. இனி நடந்ததை மெல்ரொன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

"அண்ணை, சத்தம் கேக்குது" என்றாளாம் சுதாஜினி.

"எனக்கும் கேக்குது பிள்ளை. ஓட்டோவின்ர முன்சில்லு. மெல்ரொன், பெயரிங் போயிட்டுது, பாத்து ஓடும்."

மெல்ரொன் ஓட்டோவை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். ஓட்டோ நின்றது. டொக், டொக் என்று சத்தம் மட்டும் முல்லைத்தீவுப் பக்கமாகத் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

அவள் இறங்கி ஓடிப்போய் அவரை மறித்தாள். சீற்றுக்குக் கீழே கையை விட்டாள். திறந்து திறந்து மூடியதில் வார் தளர்ந்துபோன அந்தக் கறுப்புப் பைதான் ஒவ்வொரு பள்ளத்திலும் கம்பியில் முட்டிக்கொண்டிருந்தது. நம் சைக்கிள்களைத் திருத்துவதற்கென்று அவர் சுமந்த ஸ்பனர்கள்.

"ஒரு மாதம் அண்ணை. ஒரு மாதமா நான் என்ர சைக்கிளைத் தொடேல்லை."

அண்ணை பையைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "உம்மட சைக்கிளுக்குப் பக்கத்தில ஓடித்தான் இதுக்கும் தொத்தியிருக்கு."

அவள் பையைக் கழற்றி ஓட்டோவுக்குள் எறிந்துவிட்டு, "மெல்ரொன், வீட்டை திருப்புங்கோ" என்றாள்.

புதுக்குடியிருப்பில் நாங்கள் வடையும் தேநீருமாக நின்றபோது தன் சைக்கிளில் வந்து சேர்ந்தாள். நிற்கவில்லை. நாயாற்றுப் பாலத்தில் எங்களுக்கு முன்னால் அவள் நின்றாள். கடைசியாக வந்த அண்ணை அவளுடைய சைக்கிளைச் சுற்றி ஒருமுறை நடந்து, குனிந்து காதை வைத்துவிட்டு, "இப்ப சத்தமில்லை. ஒரு மாதம் ஓய்வு குடுக்கச் சொன்னது நல்லதாப் போச்சு" என்றார்.

இதை வாசிக்கும்போதே உங்களுக்கு இரண்டு மூன்று முகங்கள் நினைவுக்கு வந்திருக்கும். அலுவலகத்தில் ஒருவர், சொந்தத்தில் ஒருவர், பக்கத்து வளவில் கட்டாயம் ஒருவர். இதை அவர்களுக்குப் படம் பிடித்து அனுப்பத் தொலைபேசியையும் எடுத்திருப்பீர்கள். அனுப்புங்கள், நான் மறிக்கவில்லை. அதற்கு முன் நீங்கள் இருக்கும் கதிரைக்குக் கீழே ஒருதரம் கையை விட்டுத் துழாவிப் பாருங்கள்.