மெஷினின் கண்ணில் ஒரு பொட்டு

என் மாமனார் அடிக்கடி ஒன்று சொல்வார். "மாப்பிள்ளை, எந்தச் சாமான் வாங்கறதா இருந்தாலும் மூணு தரம்..."

அதற்குமேல் ஞாபகமில்லை. மூன்று தரம் யோசிக்க வேண்டுமா, மூன்று தரம் விலை கேட்க வேண்டுமா, மூன்று தரம் வலம்வந்து கும்பிட வேண்டுமா? அவர் சொன்னபோதெல்லாம் எனக்கு முன்னால் இலை போட்டிருந்தது. என் கவனம் இலையில் இருந்தது.

ஆனால் தொண்ணூற்றைந்தில், நவராத்திரிக்கு இரண்டு நாள் முன்பு, நான் ஒரு மகத்தான தீர்மானம் செய்தேன். கடைக்கு வாங்கப்போகும் மெஷினை நானே தேர்ந்தெடுப்பேன். நான் என்றால் நான். என் மனைவி காமு அல்ல.

தோஹாவில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்யும் ஒரு போர்டு கம்பெனியில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு, நாற்பத்தேழாவது வயதில் ராஜகீழ்ப்பாக்கத்துக்குத் திரும்பியவன் நான். "போர்டு கம்பெனியில் என்னவாக இருந்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். கிடங்கில் இருந்தேன். ஸ்டிக்கர் ரோல்களை எண்ணிக் கொடுப்பேன், எண்ணி வாங்குவேன். அந்தத் தொழில் ஞானத்தை முதலீடாக வைத்து, வீட்டின் முன்னறையில் கடை போட்டேன். பெயர் 'காமாட்சி கிராஃபிக்ஸ்'. 'பட்டாபி கிராஃபிக்ஸ்' என்று நான் வைத்த பெயர் எப்படி இப்படி ஆயிற்று என்பது தனிக்கதை. அதிலும் நான்தான் தோற்பேன்.

முதல் ஆறு மாதம் ஸ்டிக்கரில் எழுத்துகளைப் பிளேடால் கையாலேயே வெட்டினோம். 'வெட்டினோம்' என்பது மரியாதைப் பன்மை. வெட்டியவள் காமு. நான் நின்று ஆங்கிலத்தில் ஊக்கப்படுத்தினேன். எட்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவன், அப்புறம் ஆங்கிலத்தில் படித்தவன். இரண்டு மொழியிலும் சும்மா இருக்கத் தெரியும்.

அப்போதுதான் வேன் குப்புராஜ் வந்தான். பரம்பரையாக நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்று, வந்த பணத்தில் வேன் வாங்கி ஸ்கூலுக்கு ஓட்டுகிறவன்.

"சார், பதினாலு வண்டி கீது. எல்லாத்துலயும் 'ஸ்ரீ பாலாம்பாள் வித்யாலயா'ன்னு எட்டடி நீளத்துக்குப் பேர் ஒட்டணும். ஆயுத பூஜை அன்னிக்குக் காலைல, பத்தரைக்குள்ள, பதினாலும் பேரோட நிக்கணும். முடியுமா?"

"முடியும்" என்றேன்.

"கையால வெட்டிகினா?"

"மெஷின் வருது."

"வந்தா சரி. ஒரு வண்டி பேரில்லாம நின்னாலும் பேஜாரு சார். எங்க சித்தப்பன் லாரி, மச்சான் டெம்போ, எல்லாத்தையும் இட்டுக்கினு பல்லாவரத்துக்குப் பூடுவேன். அப்பால என்னைச் சொல்லக்கூடாது."

எங்கள் கடைக்கு அதற்குமுன் வந்த பெரிய வேலை, ஒரு பல் டாக்டர் வாசலில் 'செருப்பை வெளியே விடவும்'. குப்புராஜ் போனால் கடையும் போகும். கடை போனால் நான் வீட்டில் உட்கார வேண்டும். காமுவும் வீட்டில்தான் இருப்பாள். யோசித்துப் பாருங்கள்.

மெஷின் வந்தது. ஒன்றல்ல, இரண்டு. டீலர் ஸ்ரீநிவாசராகவன் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்து இரண்டையும் இறக்கினான்.

"பத்து நாள் வெச்சுப் பாருங்க சார். விஜயதசமி அன்னிக்கு வரேன். ஒண்ணை வெச்சுக்குங்க, ஒண்ணை எடுத்துண்டு போறேன்."

வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். கம்ப்யூட்டரில் எழுத்தை அடித்தால், மெஷின் ஸ்டிக்கர் ரோலை முன்னும் பின்னும் இழுத்து, சின்னக் கத்தியால் அந்த எழுத்தை வெட்டும். மேல்தாள் மட்டும் வெட்டுப்படும், அடித்தாள் பிழைத்துக்கொள்ளும். வேண்டாததை உரித்தெடுத்தால் எழுத்து மட்டும் நிற்கும்.

சின்ன மெஷின் மேஜைமேல் உட்கார்ந்தது. பார்ப்பதற்கு ஆர்மோனியப் பெட்டி. பெரிய மெஷினோ சொந்தக் காலில் நின்றது. நாலடி அகலம். நீல விளக்கு. பட்டனைத் தொட்டால் 'பீப்' என்று மரியாதையாகப் பதில் சொன்னது. இந்த வீட்டில் நான் தொட்டு மரியாதையாகப் பதில் சொன்ன முதல் ஜீவன் அது.

"காமு, இதுதான்!"

"இரண்டையும் ஓட்டிப் பார்த்துட்டு சொல்லுங்கோ."

"பார்த்தாலே தெரியலையா?"

"பார்த்துத்தானே அந்த ஏர்கூலரை வாங்கினேள்? இப்ப அதுல வெங்காயம் கொட்டி வெச்சிருக்கேன்."

அவள் அறியாத ஒரு சங்கடம் எனக்கு இருந்தது. எதிர்வீட்டு லக்ஷ்மிநாராயணனிடம், "தாம்பரம் வட்டாரத்திலேயே பெரிய மெஷின் நம்மாத்துல வரப்போறது" என்று சொல்லியாயிற்று. ஆர்மோனியப் பெட்டியைக் காட்டி அவரிடம் என்ன பேசுவது?

மறுநாள் காமு கொலுவுக்குப் பொம்மை வாங்கத் தாம்பரம் மார்க்கெட் போனாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு பெரிய மெஷினில் பள்ளிக்கூடத்தின் பெயரை ஓட்டினேன்.

முதல் தரம்: அற்புதம். இரண்டாம் தரம்: 'லயா' கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தது. மூன்றாம் தரம்: ரோல் மெதுவாக ஒரு பக்கம் நகர்ந்து, 'ஸ்ரீ பாலாம்பாள்' சமவெளியில் புறப்பட்டு, 'வித்யாலயா' மலை ஏறிவிட்டது.

டீலருக்கு போன் செய்தேன். "ரோலரைக் கொஞ்சம் இறுக்குங்க சார், சரியாப் போய்டும்" என்றான். இறுக்கினேன். சரியாகியிருக்கும் என்று முடிவு செய்தேன். சோதித்துப் பார்க்கவில்லை. சரியாகவில்லை என்று தெரிந்துவிட்டால்?

மூன்று ஷீட்டையும் சுருட்டி பீரோவுக்குப் பின்னால் செருகினேன்.

அடுத்த வாரம் முழுவதும் காமு சின்ன மெஷினில் வெட்டினாள், உரித்தாள், குப்புராஜின் ஆட்கள் வந்து ஒட்டிக்கொண்டு போனார்கள். பெரியதை நான் தொடவிடவில்லை. "அது சில்லறை வேலைக்கு இல்லை" என்றேன்.

"எட்டடி பேர் சில்லறை வேலையா?"

"நீ பதினொண்ணு வெட்டு. கடைசி மூணு வண்டியைப் பெரிய மெஷின் பார்த்துக்கும். பூஜை அன்னிக்கு, குப்புராஜ் முன்னாலேயே. அது முடிஞ்சதும் உன் பெட்டியும் ஒண்ணு வெட்டட்டும். எது தடுமாறறதோ அது திரும்பிப் போகட்டும். சம்மதமா?"

"சம்மதம்" என்றாள். அவ்வளவு சீக்கிரம் அவள் சம்மதித்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

தினம் சாயங்காலம் காப்பி குடித்தபடி மெஷின் புத்தகத்தை ஆங்கிலத்தில் உரக்கப் படித்து, தமிழில் அவளுக்கு விளக்குவது என் வழக்கம். அவள் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டே "ம்" கொட்டுவாள். ஒருநாள் சின்ன மெஷினின் புத்தகத்தில் இப்படிப் படித்தேன்: "ரோல் போடும் இடத்தில் சின்னதாக ஒரு கண் இருக்கிறது. அதன்மேல் தூசியோ வேறு எதுவோ படிந்தால் மெஷினுக்கு ஷீட் இருப்பது தெரியாது. வேலை செய்யாது."

படித்தது அவளுக்காக. யோசனை வந்தது எனக்கு.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் மெஷின்களைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். பெரிய மெஷினுக்கு நெற்றியில் வட்டமாக ஒரு பொட்டு. சின்ன மெஷினுக்கும் பொட்டுதான். கண்ணில். நன்றாகக் குழைத்த கெட்டிச் சந்தனம், அதன்மேல் ஒரு சிட்டிகை குங்குமம். வெளியிலிருந்து பார்த்தால் பக்தி. உள்ளே படுகொலை.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் தெருவில் பதினாலு வேன். வாழைக்கன்று, மாலை, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம். பதினொன்றில் பெயர் ஜொலித்தது. மூன்று மொட்டையாக நின்றன. குப்புராஜ் பூசணிக்காயை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்குள் வந்தான்.

"சார், பத்தரைக்கு ஒடைக்கணும்."

"பத்துக்கே ஒடைக்கலாம்" என்று பெரிய மெஷினைத் தட்டினேன். 'பீப்.'

முதல் வண்டிக்கு வெட்டியது. அற்புதம். காமு உரித்தாள், ஆட்கள் ஒட்டினார்கள். இரண்டாவது வண்டிக்கு வெட்டியது. 'லயா' சற்றே நிமிர்ந்தது. குப்புராஜ் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"லைட்டா ஏறிகினு கீதோ?"

"ஸ்டைல்" என்றேன். அதையும் ஒட்டினார்கள்.

மூன்றாவது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மெஷின் பிடிக்கவில்லை. ரோல் ஒரு பக்கமாக நழுவி நழுவி...

"இன்னா சார் இது! எய்த்து திருநீர்மலை ஏறுது! புள்ளைங்க வண்டிய வுட்டு எறங்கித் தள்ளணும் போலக்கீது!"

"ரோலரைக் கொஞ்சம் இறுக்கினா..."

"மணி பத்தாவப் போவுது சார். வேற ஷீட்டு வெட்டு."

ரோலைப் பார்த்தேன். அந்த நிறத்தில் இன்னும் ஒரு வண்டிக்கான நீளம்தான் பாக்கி. வேறு வாங்க அன்றைக்கு எந்தக் கடையும் திறந்திருக்காது. எல்லாக் கடையிலும் தராசுக்கும் கல்லாவுக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருப்பார்கள்.

பொட்டு.

மிச்சமிருக்கும் ஒரே ஷீட்டை வெட்ட மிச்சமிருக்கும் ஒரே மெஷின். அதன் கண்ணை நேற்று நானே குருடாக்கியிருக்கிறேன். இப்போது துடைத்தால் காமுவுக்குத் தெரியும். துடைக்காவிட்டால் குப்புராஜ் பல்லாவரம் போவான்.

துடைத்துவிடலாம் என்றே முடிவு செய்தேன். மானம் போனாலும் கடை நிற்கட்டும். துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். அதற்குள் காமு ரோலைச் சின்ன மெஷினில் மாட்டி மூடிவிட்டிருந்தாள்.

"காமு! ஒரு நிமிஷம்..."

"என்னத்துக்கு? நேரமாறது. பட்டனை அமுக்குங்கோ."

"அதுக்கு முன்னால ஒரு விஷயம்..."

"அமுக்குங்கோன்னா!"

கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன்.

மெஷின் கரகரவென்று இருமியது. ரோலை இழுத்தது. நிறுத்தியது. என் உயிரும் நின்றது. பிறகு, வீட்டு வேலை தெரிந்த பெண்மணி காய் நறுக்குவதுபோல், பேச்சே இல்லாமல் நறுக்க ஆரம்பித்தது. 'ஸ்ரீ' முடிந்தது. 'பாலாம்பாள்' முடிந்தது. 'வித்யாலயா' வந்தது. மலை ஏறவில்லை. நூல் பிடித்ததுபோல் சமவெளியிலேயே நடந்து முடிந்தது.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். நாற்காலி அங்கே இருந்தது என் அதிர்ஷ்டம்.

பத்து இருபதுக்குப் பதினாலாவது வண்டியில் பெயர் ஏறியது. பத்தரைக்குப் பூசணிக்காய் உடைந்தது. குப்புராஜ் என் கையைப் பிடித்து, "சூப்பர் சார்! அடுத்த வாரம் சித்தப்பன் லாரிய இட்டாறேன்" என்றான். அப்புறம் காமுவைப் பார்த்து, "அக்கா, லாரிக்கும் இந்தச் சின்னதுலயே வெட்டுக்கா" என்றான்.

தெரு காலியானதும், சும்மா இருக்க முடியாமல் சின்ன மெஷினின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். கண் பளபளவென்று இருந்தது. மெஷினின் நெற்றியில் அழகாக ஒரு பொட்டு.

"நேத்திக்கு நீங்க வெச்சது கொஞ்சம் கீழ எறங்கியிருந்தது" என்றாள் காமு பின்னாலிருந்து. "துடைச்சுட்டு மேலே வெச்சேன்."

"அப்படியா? நான் கவனிக்கலை."

"கண்ணுல எதுவும் படியக்கூடாதுன்னு நீங்கதானே படிச்சுச் சொன்னேள்? இங்கிலீஷ்ல ஒரு தரம், தமிழ்ல ஒரு தரம்."

பேச்சை மாற்றினேன். "ரோலரை இறுக்கியும் பெரிசு இப்படிப் பண்ணுமுன்னு யார் கண்டா?"

"கொலு பார்த்தவா எல்லாரும் கண்டா."

"கொலுவா?"

"வந்து பாருங்கோ."

கூடத்தில் சுவருக்குச் சுவர் ஐந்து படிக் கொலு. ஒன்பது நாளாக அதன் முன்னால் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டிருக்கிறேன். சுண்டலைப் பார்த்தேனே தவிர, படியைப் பார்க்கவில்லை. கீழ் மூன்று படிகளின் முகப்பிலும் வெள்ளைத்தாளில் நீல எழுத்து. முதல் படி: நேராக. இரண்டாம் படி: சற்றே நிமிர்ந்து. மூன்றாம் படியில் 'வித்யாலயா', செட்டியார் பொம்மையின் தலைக்குமேல் மலை ஏறிக்கொண்டிருந்தது.

"பீரோவுக்குப் பின்னால பெருக்கினப்போ கெடைச்சது. வீணாக்குவானேன்னு உரிச்சு ஒட்டினேன். கொலுவுல சரஸ்வதி, கீழே பள்ளிக்கூடம். பொருத்தமாத்தானே இருக்கு?"

"எல்லாரும் பார்த்தாளா?"

"எதிராத்துப் பட்டு மாமிதான் மொதல்ல கேட்டா, எழுத்து ஏன் இப்படி ஏறறதுன்னு. பெரிய மெஷின் அப்படித்தான், அது திரும்பிப் போறதுன்னு சொன்னேன். அவா ஆத்துக்காரருக்கும் சொல்லியிருப்பா."

லக்ஷ்மிநாராயணனுக்கு எட்டு நாளாகத் தெரியும்! தினம் என்னைப் பார்த்துச் சிரித்தாரே, அந்தச் சிரிப்புக்கு நான் வணக்கம் வேறு சொன்னேனே! ஆனால் சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குச் சுமை இறங்கியதுபோல்தான் இருந்தது. இனி அவருக்கு எதையும் காட்ட வேண்டியதில்லை. அவரே பார்த்துவிட்டார்.

"மொதல்லயே நேக்குச் சொல்லியிருக்கலாமே, காமு?"

"சொன்னா கேப்பேளா? அப்பாவே எத்தனை தரம் சொல்லியிருக்கா உங்ககிட்ட. எந்தச் சாமான் வாங்கறதா இருந்தாலும் மூணு தரம் ஓட்டிப் பாருங்கோ, மூணாவது தரம் என்ன பண்றதுன்னு பார்த்து வாங்குங்கோன்னு."

மறுநாள் விஜயதசமி. ஸ்ரீநிவாசராகவன் டையைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றான். அவன் பார்வை காமுவிடம் போயிற்று.

"என்னை ஏன் பார்க்கறேள்? நேக்கு மெஷினைப் பத்தி என்ன தெரியும்? இவர்தான் முடிவு பண்ணணும்" என்று சொல்லிவிட்டு அவள் காப்பி போட உள்ளே போனாள்.

பெரியதை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.