மஞ்சள் கண்ணாடி போட்ட பைனாகுலர்

ஒரே விலையில் இரண்டு பொருள் இருந்தால், எதில் கூடுதலாக ஏதாவது ஒட்டியிருக்கிறதோ அதை எடுப்பவன் அடிமுட்டாள். நான் அதைத்தான் எடுத்தேன்.

ஜெர்மன் சண்டை முடிந்து, பட்டாளத்துச் சாமான்கள் பழைய கடைகளுக்கு வந்த காலம். திரும்பி வரும் கட்டுமரங்களைத் தூரத்திலேயே அடையாளம் கண்டால் மீன் வியாபாரிகளை முன்னதாகக் கூப்பிடலாம் என்று, ராயபுரம் கரையில் எங்கள் ஆட்கள் காசு சேர்த்தார்கள். ஐந்தாம் வகுப்பு படித்தவன் என்று பைனாகுலர் வாங்க என்னை அனுப்பினார்கள். (ஐந்தில் தவறியதை நான் சொல்லவில்லை.)

"வெள்ளக் கண்ணாடிய எட்த்துக்கோ நைனா. உள்ளது உள்ளபடி தெரியும்" என்றார் கடைக்காரர்.

"அது இன்னா, மஞ்சளா கீது?"

"பனியில பாக்க போட்டது. நெறம் மாறும்."

"அதே வெலதான? அப்ப அத்தையே குடு."

எங்கள் கரையில் ஒரு வழக்கம். மீன் அமோகமாகப் பட்டால், மாதாவுக்கு நன்றியாகப் பாயின் மேல் நீலத் துணி கட்டி வருவார்கள். கடலில் சாவு விழுந்தால் கறுப்புத் துணி.

ஒரு தடவை, அக்கா புருஷன் சவரி மாமா முந்தின நாளே திரும்பியிருக்க வேண்டும். அக்கா கரையிலேயே கிடந்தாள். நான் பைனாகுலரைத் தூக்கினேன். கடல் கறுத்துத் தெரிந்தது. மழை வருகிறது என்று நினைத்தேனே தவிர, கண்ணாடியைச் சந்தேகப்படவில்லை. (வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.) மாமாவின் கட்டுமரம் வந்தது. துடுப்புப் போட்டது அவர் தம்பி மட்டும்.

"அக்கா, கறுப்புத் துணி கீது. மாமாவக் காணோம்."

"நல்லா பாருடா. நீலமா இருக்கப் போவுது."

"பைனாகுலர்ல பாத்து சொல்றேன். உனுக்கு இன்னா தெரியும்?"

அவள் தாலியைப் பிடித்துக்கொண்டு மணலில் விழுந்தாள். யாரோ கோயிலுக்கு ஓடினார்கள். சாவு மணி அடித்தது.

கட்டுமரம் கரை தட்டியது. வெறுங்கண்ணுக்குத் துணி நீலம். மீன் குவியலுக்குப் பின்னால் மறைவாகப் படுத்துத் தூங்கிய மாமா எழுந்து உட்கார்ந்தார்.

"யாருக்கு மச்சான் மணி அடிக்கிறாங்கோ?"

"உனுக்குத்தான் மாமா."

அக்கா எழுந்து வந்து என்னை அறைந்தாள். கரையே பார்த்தது.

பிறகு காய்ச்சல் வரும்போதெல்லாம் மாமா சொல்வார்: "எனுக்கு மணி அட்ச்சாச்சி. இனிமே சாவ மாட்டேன்."

போன வருஷம் நிஜமாகவே கண்ணை மூடினார். பக்கத்தில் நான்தான் இருந்தேன். வாசலுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. என்னைத் தாண்டி எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

"நீ போய் பாத்துட்டு வாப்பா. இவன் சொன்னா நம்ப முடியாது."