சம்பந்திக்கு ஒரு சுயசரிதை

“அந்த யொலாந்துங்கிறவ புஸ்தகத்தை விட்டு வெளிய போற வரைக்கும் இந்த வீட்டுல அடுப்பு எரியாது” என்று பூங்காவனம் அறிவித்துவிட்டாள்.

அவள் கணவர் அப்பாவு எழுத்தாளராகி இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் பட்டினி. எழுத்தாளர்களுக்கு வழக்கமாக நேர்வதுதான். இவருக்குச் சற்று விரைவாக நேர்ந்துவிட்டது.

அப்பாவு அந்தத் தீவில் கான் தெ மாஸ்க் என்ற கிராமத்தில் சொந்த நிலத்தில் கரும்பு போடுகிறவர். சர்க்கரை விலை வானத்துக்கு ஏறியிருந்த காலம் அது. கையில் காசு புரண்டவர்கள் முதலில் வீட்டுக்குத் தகரக்கூரை போட்டார்கள். பிறகு கோட்டு தைத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் தங்கள் வாழ்க்கையைப் புத்தகமாக அச்சடிக்க ஆரம்பித்தார்கள். அதுவும் பிரெஞ்சில். தமிழில் எழுதினால் வீட்டிலுள்ளவர்கள் படித்துவிடுவார்களே!

அப்பாவுக்கு அந்த ஆசையை மூட்டியவர் கல்யாணத் தரகர் முனியன். மகள் தனலட்சுமிக்கு ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தார். மாப்பிள்ளையின் தகப்பனார் நாகலிங்கம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர்.

“வீடா அண்ணே அது? அலமாரி கொள்ளாம புஸ்தகம்! எல்லாம் பெரிய மனுஷங்க அவங்கவங்க வாழ்க்கையை எழுதினது. புதுசா ஒண்ணு வந்தா முதல்ல அவர் வீட்டுக்குத்தான் போகுதாம்.”

அப்பாவு தன் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். எழுத்தென்று இருந்தது ஒரு பழைய பஞ்சாங்கமும், உரமூட்டையின் மேல் அச்சிட்டிருந்த கம்பெனிப் பெயரும்தான்.

“அவங்களாத்தானே பொண்ணு கேட்டு வர்றாங்க? அப்புறம் என்ன?” என்றாள் பூங்காவனம்.

“உனக்குத் தெரியாது. படிச்ச சம்பந்தி முன்னாடி வெறுங்கையோட நிக்கக் கூடாது.”

ஆகவே புத்தகத்தை எழுதிக்கொடுக்க மிஸ்யே ஃப்ரான்சிஸ் வந்து சேர்ந்தார். போர்ட் லூயிஸில் ஒரு பத்திரிகைக்குக் காலமெல்லாம் இரங்கல் குறிப்பு எழுதி ஓய்வுபெற்றவர். செத்தவர்களைப் புகழ்ந்து பழகிய கைக்கு உயிரோடிருப்பவரைப் புகழ்வது ஒரு வேலையா என்றார். முதல் அத்தியாயத்தில் மட்டும் பழக்கதோஷத்தில் ‘மறைந்த அப்பாவு’ என்று எழுதிவிட்டார்.

பிரெஞ்சில் எழுதியதை ஞாயிற்றுக்கிழமைகளில் வராந்தாவில் உட்கார்ந்து ஊர்ப் பேச்சான கிரியோலில் உரக்கச் சொல்லிக் காட்டுவார். அப்பாவு கேட்பார். அப்பாவு மட்டும் கேட்டிருந்தால் வம்பில்லை. ஊரே வேலியில் சாய்ந்துகொண்டு கேட்டது.

“காதல் இல்லாத வாழ்க்கைய யாரு படிப்பாங்க, மிஸ்யே அப்பாவு?” என்று ஃப்ரான்சிஸ் ஒரு நாள் கேட்டார்.

இளவயதில் ரொட்டிக்கடை யொலாந்த் ரொட்டியோடு ஒரு புன்னகையும் சேர்த்துக் கொடுத்ததாக அப்பாவு வாய்தவறிச் சொன்னார். அடுத்த ஞாயிறு அந்தப் புன்னகை நிலா, கடற்கரை, கண்ணீர் எல்லாம் சேர்ந்து ஓர் அத்தியாயமாகத் திரும்பி வந்தது. கான் தெ மாஸ்கில் எந்தக் கூரைமேல் ஏறி நின்றாலும் கடல் தெரியாது என்பதை ஃப்ரான்சிஸ் பொருட்படுத்தவில்லை.

அடுப்பு அணைந்தது அன்றுதான்.

யொலாந்தை நீக்கினார்கள். நல்ல நிலா வீணாகக் கூடாதென்று அதே கடற்கரையில் பூங்காவனத்தைக் கொண்டுபோய் நிறுத்தினார் ஃப்ரான்சிஸ். வீட்டில் அடுப்பு எரிந்தது. பூங்காவனத்தின் அண்ணன் வீரசாமியும் எரிந்துகொண்டு வந்தார்.

“மாப்பிள்ளை! எங்க வீட்டுப் பொண்ணு கல்யாணத்துக்கு முந்தி உம்மகூட நிலா வெளிச்சத்துல சுத்தினாளா?”

“நான் சொல்லல மச்சான். புஸ்தகம் சொல்லுது.”

“அப்ப புஸ்தகத்தை வெட்டட்டுமா, உம்மை வெட்டட்டுமா?”

அவர் கையில் கரும்பு வெட்டும் கத்தி இருந்தது. தோட்டத்திலிருந்து நேராக வந்ததால்தான் கத்தியோடு வந்தேன் என்று பிற்பாடு சொன்னார். அப்போது சொல்லவில்லை.

காதல் அத்தியாயமே போயிற்று. அந்த இடத்தில் புயலை வீச வைத்தார் ஃப்ரான்சிஸ். பழைய பெரும்புயலில் வெள்ளத்தோடு போன வீரசாமியை அப்பாவு நீந்திப் போய்க் காப்பாற்றினார் என்று எழுதினார். மைத்துனர் மனம் குளிரும் என்பது கணக்கு.

“யாரு யாரைக் காப்பாத்தினது?” என்று வீரசாமி வேலிக்கு அப்பாலிருந்தே கத்தினார். “மாமரத்து மேல ஏறிக்கிட்டு, இறங்கத் தெரியாம அழுதது யாரு?”

உண்மைதான். ஊரே பார்த்திருந்தது. கடைசியில், வீரசாமியைத் தவிர மற்றவர்களை அப்பாவு காப்பாற்றலாம் என்று சமரசமாயிற்று. உடனே பெயர் விட்டுப்போனவர்கள் கிளம்பினார்கள். “எங்க குடும்பத்தை மட்டும் ஆத்தோட போக விட்டுட்டீங்களே!” என்று மளிகைக் கடை அனி மூக்கைச் சிந்தினாள், அரிசி கொடுப்பதை நிறுத்தினாள். ஒவ்வொருவராகச் சேர்த்துச் சேர்த்து, புயலடித்த ஆண்டில் பிறந்தே இராதவர்களையும் அப்பாவு தோளில் சுமந்து கரை சேர்த்தார்.

தனலட்சுமி மாப்பிள்ளையைத் தைப்பூசத்தன்று காவடிக் கூட்டத்தில் ஒருமுறை பார்த்திருந்தாள். பார்த்ததிலிருந்து வேறு எதையும் சரியாகப் பார்க்கவில்லை.

“அப்பா, அவங்க என்னைப் பார்க்கத்தானே வர்றாங்க? புஸ்தகத்தைக் கல்யாணத்துக்கு அப்புறம் காட்டலாமே?”

“உன்னை எப்ப வேணும்னாலும் பார்க்கலாம்மா. முதல் பதிப்பை எப்ப வேணும்னாலும் பார்க்க முடியுமா?”

ரோஸ் ஹில்காரர்கள் ரயிலில் வந்து இறங்கினார்கள். நாகலிங்கம், மகன், நாகலிங்கத்தின் தங்கை கோவிந்தம்மா. எதிர்பார்த்ததைவிட எளிமையான மனிதர்கள். பூங்காவனத்தின் வடையை நாகலிங்கம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மாப்பிள்ளைப் பையன் தனலட்சுமியைப் பார்த்தபடியே தேநீரைத் தன் கோட்டில் ஊற்றிக்கொண்டான். இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா?

“எங்களுக்குப் பரிபூரண சம்மதம்” என்று நாகலிங்கம் தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்தார்.

“ஒரு நிமிஷம்” என்றார் அப்பாவு.

சிவப்பு நாடா கட்டிய புத்தகம் உள்ளேயிருந்து வந்தது. நாகலிங்கத்தின் கையிலிருந்த தட்டு தானாகக் கீழே இறங்கியது. ஃப்ரான்சிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் பக்கத்தைப் பிரித்தார்.

வாசிப்பு நடந்தது. நடந்துகொண்டே இருந்தது. புயல் அத்தியாயம் வந்ததும் வேலியோரத்தில் நின்றவர்கள் அவரவர் பெயர் வரும்போது உள்ளே வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். வீரசாமி மட்டும் மாமரத்தைப் பற்றி இடையிடையே உண்மையைக் கூறினார். நிஜப் புயல்கூட இவ்வளவு நேரம் அடித்ததில்லை.

‘முதல் பாகம் முற்றும்’ என்று ஃப்ரான்சிஸ் முடித்தபோது நாகலிங்கத்தின் முகம் ஜுரத்தில் கிடந்தவர் முகம்போல இருந்தது. எழுந்தார். தொப்பியைத் தேடினார்.

“மன்னிச்சுக்கணும். ரயிலுக்கு நேரமாச்சு.”

தட்டு தரையிலேயே இருந்தது. திரும்பித் திரும்பிப் பார்த்த பையனை அத்தை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். குதிரை வண்டி புறப்பட்டது. தனலட்சுமி உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்பாவு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடினார்.

“சம்பந்தி! என்ன குத்தம்னு சொல்லுங்க! பிரெஞ்சு சரியில்லையா? இரண்டாம் பாகத்துல திருத்திடலாம்!”

இரண்டாம் பாகம் என்ற சொல் காதில் விழுந்ததும் நாகலிங்கம் வண்டிக்காரன் முதுகில் தட்டி வேகமாகப் போகச் சொன்னார். கோவிந்தம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. தலையை வெளியே நீட்டினாள்.

“குத்தம் ஒண்ணுமில்லீங்க. ரோஸ் ஹில்ல பொண்ணு வச்சிருக்கிற அப்பன் அத்தனை பேரும் புஸ்தகம் எழுதி, எங்க அண்ணனை உக்காத்தி வச்சுப் படிச்சுட்டாங்க. புஸ்தகமே எழுதாத மனுஷன் இந்தத் தீவுல ஒருத்தர் மிச்சம் இருக்காருன்னு தரகர் சொன்னதை நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்தோம்!”