துணியா, தகரமா?

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்க ஆரம்பித்ததும் தாம்பரத்துக்குத் தெற்கே மொட்டை மாடிகளில் ஓர் இனம் தலைகாட்டும். நான் அதற்கு ‘மேற்குபார்த்தான்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்பவர்கள் ஒருநாள் சாயங்காலம் பெருங்களத்தூர் பக்கம் வந்து பாருங்கள். ஊரே புழுக்கத்தில் வெந்து, மின்விசிறிக்குக் கீழே முண்டா பனியனோடு மல்லாந்து கிடக்கும்போது, ஒரு மனிதர் மட்டும் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்றுகொண்டு, ஒரு கையில் போனும், மறு கை நெற்றிக்கு மறைப்புமாக, மேற்கே படப்பை இருக்கிற திசையை, முகூர்த்த நேரத்துக்கு வந்துசேராத தாய்மாமனைத் தேடுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். அவர்தான்.

அவரிடம் போய் “என்ன சார், மழை வருமா?” என்று வாய்தவறிக் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் தொலைந்தீர்கள்.

“வேலூர்கிட்ட ஒரு செல் ஃபார்ம் ஆகியிருக்கு சார். ஐரோப்பா மாடல் நமக்கு உண்டுங்குது, அமெரிக்கா மாடல் இல்லேங்குது. கடல் காத்து சீக்கிரம் உள்ள வந்துட்டா ஒரு மாதிரி, லேட்டா வந்தா வேற மாதிரி. ஆனா எதையும் ரூல் அவுட் பண்ண முடியாது பாருங்க.”

செல் என்றால் இடிமேகம். மாடல் என்றால் கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. சரி, மழை வருமா, வராதா? உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனால் அவருக்குத் தெரியாததில் ஒரு கம்பீரம் இருக்கிறது. அதைச் சும்மா சொல்லக்கூடாது.

இந்த இனத்துக்கு ஒரு நிரந்தரத் துக்கம் உண்டு. எங்கேயோ ஆந்திர எல்லையில் கிளம்புகிற மேகம், போனில் தெரிகிற ரேடார் படத்தில் பச்சையாகி, மஞ்சளாகி, காஞ்சிபுரம் தாண்டி, ஒரகடம் வரைக்கும் ரத்தச் சிவப்பாக வந்து, மண்ணிவாக்கத்தைத் தொட்டதும் என்ன தோன்றுமோ, இரண்டாகப் பிளந்து, பாதி பூந்தமல்லிக்கும் பாதி செங்கல்பட்டுக்கும் போய்விடும். நமக்குக் கிடைப்பது புழுதிக் காற்றும் கரண்ட் கட்டும்தான். அன்றைக்கு இவர்கள் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. பிள்ளைக்கு மெடிக்கல் சீட் கை நழுவினால்கூட அப்படி ஆகமாட்டார்கள்.

அதனால் இவர்களிடையே ஒரு சட்டம் உண்டு. மழை வேண்டுமென்றால் ‘மழை வரும்’ என்று வாயைத் திறந்து சொல்லக்கூடாது. சொன்னால் மேகத்துக்குக் கேட்டுவிடும், பிளந்துவிடும். விஞ்ஞானத்தைக் கரைத்துக் குடித்தவர்கள், ஈரப்பதம் காற்றழுத்தம் என்று மூச்சுவிடாமல் பேசுகிறவர்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயை இறுக மூடிக்கொள்வார்கள். பழைய புண்ணாச்சே!

இந்த இனத்தின் உச்சபட்ச உதாரணம் பீர்க்கன்கரணையில், எங்கள் தெருவிலேயே இருக்கிறார். பெயர் வேதசிரோமணி. ஒரு கல்லூரி ஆபீசில் சூப்பரின்டெண்டென்ட். ‘தெற்கு இடி நண்பர்கள்’ என்கிற வாட்ஸப் குழுவுக்கு அவர்தான் அட்மின். அதில் கூடுவாஞ்சேரியிலிருந்து ஷெர்வின் என்று ஒரு சாஃப்ட்வேர் பையன்; ரேடார் படத்தை அவன் பார்க்கிற பார்வையில் அவனுடைய மனைவிக்கு அதன்மேல் சந்தேகமே வந்துவிட்டது. வண்டலூரிலிருந்து அப்பாதுரை. அவருக்கு மாடல் எதுவும் வேண்டாம், மிருகக்காட்சிசாலைப் பக்கம் மயில் அகவினால் போதும், குழுவில் செய்தி போட்டுவிடுவார். மயில் அகவாமல் இருந்தாலும் போடுவார், “இன்னும் அகவவில்லை” என்று.

வேதசிரோமணி சாரின் மாடிக் கைப்பிடிச் சுவரோரம் ஒரு மழைமானி உண்டு. தண்ணீர் பாட்டிலின் தலையை வெட்டி, ஸ்கேல் ஒட்டி, அவரே செய்தது. மழை நின்றதும் அதில் குனிந்து பார்த்து, இத்தனை மில்லிமீட்டர் என்று அறிவித்தால்தான் பீர்க்கன்கரணையில் மழை பெய்ததாகக் கணக்கு. நீங்களும் நானும் நனைந்ததெல்லாம் செல்லாது.

அவருடைய மனைவி ரோஸி அக்கா டீச்சர். கட்டிய நாளிலிருந்து இன்றுவரை கணவரிடம் மழையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டவரில்லை. கொடியில் கிடக்கும் துணியை எடுக்கலாமா வேண்டாமா என்பதை ஜன்னல் வழியாக வானத்தை ஒரு தரம் பார்த்து அவரே முடிவு செய்துவிடுவார். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். இது சாருக்கு உள்ளூர ஒரு குறைதான்.

இந்த மே மாதம் அந்தக் குறை தீர்ந்தது. மகள் ஜோவிதாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு மார்த்தாண்டம். அவர்கள் ஊரில் மழை யாரும் கேட்காமலே பெய்யும். இங்கே ஹால் எதுவும் கிடைக்கவில்லை, மொட்டை மாடியிலேயே சனிக்கிழமை சாயங்காலம் வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. பந்தல் போடுகிற துரைராஜ் போன் செய்தார்.

“அக்கா, துணியா, தகரமா? ஒண்ணு சொல்லிடுங்க. வேற பார்ட்டி வெயிட் பண்ணிகினு கீது.”

துணிப் பந்தல் என்றால் பார்க்க அழகு, காற்று வரும், மழை வந்தால் போச்சு. தகரம் என்றால் மழைக்குக் கவலையில்லை, வெயிலில் அவிந்து சாக வேண்டும். ரோஸி அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு, கணவருக்கு முன்னால் நீட்டினார். நான் அப்போது பேப்பர் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன், கண்ணால் பார்த்தேன்.

“என்னங்க, சனிக்கிழமை மழை வருமா?”

வேதசிரோமணி சாரின் முகத்தில் வந்த பிரகாசத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

“இப்ப பார்த்தீன்னா ரோஸி, ஐரோப்பா மாடல்ல—”

“சார்,” என்றது போன், “ஐரோப்பாலாம் எனக்கு இன்னாத்துக்கு சார்? துணியா, தகரமா?”

“இல்ல துரைராஜ், ஒரு நாப்பது பர்சென்ட் சான்ஸ்—”

“நாப்பது பர்சென்ட் தகரம் போட முடியாது சார்!”

ரோஸி அக்கா நிதானமாகச் சொன்னார்: “நான் இதுவரைக்கும் உங்ககிட்ட கேட்டதே இல்ல. இப்ப கேக்கறேன். என் பொண்ணு பட்டுச்சேலை கட்டிட்டு நிப்பா. அவ நனைவாளா, மாட்டாளா? ஒரே வார்த்தைல சொல்லுங்க.”

ஒரே வார்த்தை! அந்த இனத்தைச் சேர்ந்தவரிடம் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டார். அது மட்டுமா? சட்டத்தை நினைத்துப் பாருங்கள். ‘துணி’ என்று சொன்னால் மழை நிச்சயம் வரும். கோடை முழுக்க ஏங்கிக் கிடந்த மழை, இடி மின்னலோடு, பிளக்காமல் பீர்க்கன்கரணைக்கு வரும். ‘தகரம்’ என்று சொன்னாலோ, பந்தல் போட்டதைப் பார்த்ததுமே மேகம் செங்கல்பட்டுக்குத் திரும்பிவிடும். ஒரு பக்கம் மழை, இன்னொரு பக்கம் மகள். மனுஷன் ஜன்னல் வழியாக மேற்கே ஒரு பார்வை பார்த்தார்.

“தகரம்,” என்றார்.

குழுவில் விஷயம் தெரிந்ததும் ரகளை. “சார், தகரப் பந்தலா? மழை வரும்னு ஊருக்கே போர்டு வச்ச மாதிரி ஆச்சே! இனிமே எங்க வரும்?” என்று ஷெர்வின் அழாத குறையாக எழுதினான். அப்பாதுரை, மயில்கள் அமைதியாகிவிட்டதாகத் தெரிவித்தார். சார் பாவம். பெண்ணைப் பெற்றவர், என்ன செய்வார்?

சனிக்கிழமை வந்தது. வெயிலும் வந்தது. அப்பப்பா, அந்தத் தகரத்துக்குக் கீழே வெந்தவர்களில் நானும் ஒருவன். பெடஸ்டல் ஃபேன்கள் சூட்டை இங்கிருந்து அங்கே தள்ளிக்கொண்டிருந்தன. மார்த்தாண்டத்துச் சம்பந்தியம்மா நிகழ்ச்சி நிரல் அட்டையால் விசிறிக்கொண்டே, “இந்த வெயிலுக்கு யாரு தகரம் போடச் சொன்னது?” என்று கேட்டார். துரைராஜ் கொஞ்சமும் யோசிக்காமல் “சார்தாம்மா” என்று கைகாட்டிவிட்டார். கோட்டும் டையுமாக நின்ற சாரை ரோஸி அக்கா ஒரு பார்வை பார்த்தார். அதற்கு அந்த வெயிலே தேவலை.

விருந்தாளிகளாக வந்த ஷெர்வினும் அப்பாதுரையும் ஜூஸ் டம்ளரோடு மேற்குக் கைப்பிடிச் சுவரோரம் போய் நின்றுகொண்டார்கள். நானும் அங்கேதான் நின்றேன். காற்றுக்காக. வேறு காரணம் எதுவும் இல்லை.

போதகர் பாட்டுப் பாடி முடித்து, ஜெபத்துக்குத் தலைகுனியச் சொன்னார். எல்லாரும் குனிந்தோம். ஷெர்வின் மட்டும் போனுக்குள் குனிந்திருந்தான். “சார்,” என்று கிசுகிசுத்தான், “ஒரகடத்துல சிவப்பு.”

“மூச்!” என்றார், எங்களுக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வேதசிரோமணி சார்.

காற்று நின்றது. பிறகு திரும்பியது. ஏரிப் பக்கத்திலிருந்து மண்வாசனை வந்தது. தகரத்தில் ‘டங்’ என்று ஒன்று விழுந்தது. இன்னொன்று. அவ்வளவுதான், ஆயிரம் பேர் கூரைமேல் ஏறிக் குதிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டது பாருங்கள் மழை! இடி இடித்தது. போதகர் ஆண்டவரிடம் என்ன கேட்டார் என்று ஆண்டவருக்கு மட்டும்தான் தெரியும், எங்களுக்குக் கேட்கவில்லை. சம்பந்தியம்மா விசிறுவதை நிறுத்தி, மேலே தகரத்தைப் பார்த்து, “நல்ல வேளை!” என்றார். ஒரு பொட்டு உள்ளே விழவில்லை. ரோஸி அக்கா பெருமையோடு கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

நாற்காலி காலியாக இருந்தது.

விஷயம் இதுதான். முதல் இடியிலேயே சாருக்கு ஞாபகம் வந்துவிட்டது. மழைமானி மாடியில் இருக்கிறது. மாடி முழுக்கத் தகரம் இருக்கிறது. பருவத்தின் முதல் மழை கொட்டுகிறது, பாட்டிலோ எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கிறது! இந்த இனத்தைத் தவிர வேறு யார் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும்? பாட்டிலைத் தூக்கிக்கொண்டு படி இறங்கி ஓடியிருக்கிறார். எட்டிப் பார்த்தால், நடுத்தெருவில், கோட்டும் டையுமாக, கொட்டுகிற மழையில், பாட்டிலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நிற்கிறார். மேலிருந்து ஷெர்வின் கத்துகிறான்: “சார், சாயுது! நேரா பிடிங்க!”

அந்த நேரம் பார்த்து போதகர் மோதிரத்தைக் கேட்டார். பெண் வீட்டார் கொண்டுவந்த மோதிரம். எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜோவிதா கைப்பிடிச் சுவரருகே ஓடிவந்தாள்.

“டாடி! மோதிரம் உங்க பாக்கெட்லதான் இருக்கு!”

சார் நிமிர்ந்து பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார்.

“ஒரு நிமிஷம் ஜோவி. பீக்ல இருக்கு, இப்ப குறைஞ்சிடும்.”

“டாடி!”

அவள் குரல் உடைந்துவிட்டது. வேதசிரோமணி சார் பாட்டிலைக் காம்பவுண்டுச் சுவர்மேல், குழந்தையை உட்காரவைக்கிற மாதிரி வைத்தார். கையை எடுத்தார். ஓடினார். அவர் வாசலைத் தாண்டும் முன்பே காற்று அதைத் தள்ளிவிட்டது. பாட்டில் தெருவில் உருண்டது மேலே நின்ற எனக்கே தெரிந்தது, அவருக்குத் தெரியாமலா இருக்கும்? திரும்பிப் பார்க்கவில்லை ஐயா அந்த மனிதர். அங்கேதான் அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

அந்த வீட்டு ஹாலில் இப்போது அந்தப் போட்டோ தொங்குகிறது. மாப்பிள்ளை, பெண், சம்பந்திகள், போதகர் எல்லாரும் பட்டும் ஜரிகையுமாக ஒரு சொட்டு ஈரமில்லாமல் நிற்கிறார்கள். நடுவில் பெண்ணின் தகப்பனார் மட்டும் குளத்திலிருந்து எழுந்துவந்தவர் மாதிரி சொட்டிக்கொண்டு நிற்கிறார். போட்டோ எடுத்து முடித்ததும் ரோஸி அக்கா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, “சொன்ன மாதிரியே வந்துடுச்சே, இனிமே உங்களத்தான் கேப்பேன்” என்றார். வரக்கூடாதென்றுதான் தகரம் சொன்னேன் என்று சொல்ல சார் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். நல்ல காரியம்.

அன்றைக்குக் குழுவில் எல்லாரும் மில்லிமீட்டர் போட்டார்கள். பீர்க்கன்கரணைக்கு எதிரே சார் எழுதினார்: “கோட்டு நனையும் அளவு.” “சார், அது எத்தனை மில்லிமீட்டர்?” என்று ஷெர்வின் கேட்டான். அதற்குப் பிறகு மழை மறுபடி காணாமல் போனதும், அப்பாதுரை தனியாக போன் செய்து, “சார், தப்பா நெனைக்காதீங்க, சும்மாவாச்சும் இன்னொரு தகரப் பந்தல் போட முடியுமா?” என்று கேட்டாராம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. இதைப் படிப்பதற்கு நடுவில் எத்தனை தரம் ஜன்னல் பக்கம் திரும்பினீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. ஒரு சின்னப் பரீட்சை மட்டும் வைக்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது செருப்பை மாட்டிக்கொண்டே, “குடை எடுத்துக்கட்டுமா?” என்று கேட்பார்கள். ‘எடு’, ‘வேண்டாம்’ இரண்டில் ஒன்றைச் சொல்ல உங்களால் முடிந்தால் பிழைத்தீர்கள். “இப்ப பார்த்தீன்னா...” என்று ஆரம்பித்துவிட்டீர்களோ, உடனே பேச்சை நிறுத்திவிட்டு உங்கள் பாக்கெட்டைத் தடவிப் பாருங்கள். யாருடைய மோதிரமாவது அதற்குள் இருக்கப் போகிறது.