சரணத்தில் விழும் மின்சாரம்

"போச்சு!" என்று மைக்கை உதறினார் சர்வேயர்.

வீட்டு ஒத்திகையில் பல்லவி வரை ஒழுங்காகத்தான் இருந்தது. சரணத்தில் குரலை ஏற்றிய நொடியில் விளக்கு மங்கியது, ஆம்ப்ளிபயர் அணைந்தது.

வரும் ஞாயிற்றுக்கிழமை பணி ஓய்வு விழா. முப்பது வருடத்தில் எந்த அலுவலக விழாவிலும் அவரை ஒரு பாட்டையாவது முழுசாகப் பாட விட்டதில்லை. பாதியிலேயே கைதட்டி இறக்கிவிடுவார்கள். இந்த முறை விழாவே அவருக்கு. விடுவதாயில்லை.

"கரண்டுக்கும் காது இருக்கு போல," என்றாள் மனைவி, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நக்கலா? அதுவா நானான்னு பாத்துடறேன்!"

மறுநாள் ஸ்டெபிலைசர் வந்தது. அதே சரணம், அதே மங்கல். முன்பாவது கரண்ட் உடனே திரும்பியது. இப்போது ஸ்டெபிலைசர் 'டொக்' என்று கரண்டை அடைத்துக்கொண்டு மூன்று நிமிடம் திறக்கவில்லை.

"எதுக்குடி மூணு நிமிஷம்?"

"யோசிக்குதோ என்னவோ. இவரை மறுபடி பாட விடலாமான்னு."

அதற்கடுத்த நாள் பேட்டரி வைத்த யூ.பி.எஸ். வந்தது. விளக்கு மங்கியது, பாட்டு நிற்கவில்லை. சர்வேயர் மார்பைத் தட்டிக்கொண்டார். ஆனால் மங்கும்போதெல்லாம் பேட்டரி 'கீக் கீக்' என்று கத்தியது.

"உங்களைவிட அது சுதியா கத்துது," என்றாள்.

அன்று வரிக்கு ஒரு மங்கல் விழுந்தது. ஐந்தாவதில் பேட்டரியும் படுத்துவிட்டது.

சனிக்கிழமை லைன்மேன் மீட்டரோடு வந்தார். "கம்பத்துல ஒரு குறையும் இல்ல சார். பக்கத்துல ஏதோ பெரிய லோடு மொத்தமா கிளம்புது. வோல்டேஜ் ஒரு செகண்ட் இறங்குனா பல்பு தாங்கும், உங்க ஆம்ப்ளிபயர் பெட்டி தாங்காது. எப்ப ஆகுது?"

"நான் பாடறப்ப!"

"அப்ப பாடுங்க, பாத்துடலாம்."

சர்வேயர் நெஞ்சை நிமிர்த்திப் பாடினார். சரணம் வந்தது. மீட்டர் இருநூற்று முப்பதிலிருந்து நூற்று எழுபதுக்குச் சரிந்தது. லைன்மேன் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். சுட்டெரிக்கும் வெயிலில் தெருவெல்லாம் தண்ணீர்.

"பாத்தீங்களா? என்ன ஆனாலும் சரி, நாளைக்கு நான் முழுசாப் பாடத்தான் போறேன்!" என்று கர்ஜித்தார் சர்வேயர்.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண், சொட்டச் சொட்ட நனைந்த தலையோடு.

"சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க சரணம் எடுத்ததும் எங்க வரிசை வீடுங்கதான் ஒண்ணா மோட்டார் போட்டு உங்க மைக்கை அணைக்கணும்னு தெருவுல சொல்லியிருக்காங்க. டேங்க் நிரம்பி வழியுது, இன்னைக்கு மட்டும் பல்லவியோட நிறுத்திக்கிறீங்களா?"